சாப்பாட்டு மேசையும் பிலடெல்பியாத் துண்டும்: ஜேனட் ரௌலியின் கதையை வாசித்தல்

ஜேனட் ரௌலியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய சாப்பாட்டு மேசையில்தான் ஆரம்பிக்கிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் சிகாகோவில், இரத்தப் புற்றுநோயாளிகளின் குரோமோசோம் புகைப்படங்களை அவர் வீட்டுக்கு எடுத்து வருவார். கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, மேசையில் ஜோடி ஜோடியாக அடுக்கி வைப்பார். துண்டுகள் பறந்துவிடும், யாரும் தும்மக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். அம்மா காகிதப் பொம்மை வெட்டி விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவரே பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சிரித்துக்கொண்டு சொன்ன கதைதான் இது. பொய்யில்லை. ஆனால் ஒரு கதை உண்மையாக இருந்தால் மட்டும் போதுமா? அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, யாருக்கு வசதியாக இருக்கிறது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆணின் கண்டுபிடிப்பு என்றால் ஆப்பிள் விழுகிறது, தொட்டியில் நீர் வழிகிறது. பெண்ணின் கண்டுபிடிப்பு என்றால் சாப்பாட்டு மேசை. அவளுடைய அறிவு வீட்டுக்குள்ளேயே, சமையலுக்கும் துவைப்புக்கும் நடுவில், கைவேலை மாதிரி தானாக நடந்துவிட்டதாக ஒரு தொனி. இதைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர், 'என்னய்யா பெரிய கண்டுபிடிப்பு, நாலு போட்டோவை வெட்டி ஒட்டினதுதானே?' என்றார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கதையே அப்படித்தான் சொல்லச் சொல்கிறது.

இந்த வெட்டி ஒட்டுகிற வேலையை ஒரு காலத்தில் நானும் செய்திருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் சில ஆண்டுகள் ஓர் ஆய்வகத்தில் எனக்கு இதுதான் பிழைப்பு. மஜ்ஜையை எடுத்து வளர்ப்பு ஊடகத்தில் வைப்போம். செல் இரண்டாகப் பிரிகிற அந்தத் தறுவாயில் கோல்சிசின் போட்டு நிறுத்துவோம். உப்பு குறைந்த நீரில் ஊற வைத்து ஊதவிட்டு, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் உறைய வைத்து, ஈரமான ஸ்லைடின்மேல் கொஞ்சம் உயரத்திலிருந்து சொட்டவிடுவோம். செல் வெடித்துக் குரோமோசோம்கள் சிதறி விழும். நூறு செல் பார்த்தால் படம் எடுக்கத் தகுந்தது ஐந்தோ ஆறோ கிடைக்கும். இருட்டறையில் கழுவிய படத்தை வெட்டும்போது ஒன்பதுக்கும் பத்துக்கும், இருபத்தொன்றுக்கும் இருபத்திரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே மேசையில் நடந்தது விளையாட்டில்லை, வாசிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. பிரதியை வாசிப்பது பற்றி நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த நாம், இப்படியொரு வாசிப்பும் உலகத்தில் நடந்தது என்பதைக் கண்டுகொள்ளவில்லை.

ரௌலி 1925இல் நியூயார்க்கில் பிறந்தார். பதினைந்து வயதிலேயே சிகாகோ பல்கலைக்கழகத்தின் கல்லூரிக்கு உதவித்தொகையோடு வந்து சேர்ந்தார். உயர்நிலைப் பள்ளியின் கடைசி வருடங்களையும் கல்லூரியையும் இணைத்து ஹட்சின்ஸ் என்ற கல்வியாளர் நடத்திய பரிசோதனைத் திட்டம் அது. மருத்துவம் படிக்க விண்ணப்பித்தபோது இடம் கிடைக்கவில்லை. காரணம் மதிப்பெண் அல்ல. 65 பேர் கொண்ட வகுப்பில் பெண்களுக்கு 3 இடம்தான் என்று ஒதுக்கியிருந்தார்கள், அந்த மூன்றும் நிரம்பிவிட்டன. ஒன்பது மாதம் காத்திருந்து அடுத்த வகுப்பில் சேர்ந்தார். இடஒதுக்கீடு என்றாலே தகுதி போச்சு, திறமை போச்சு என்று நம்மூரில் அலறுகிறவர்கள் இந்த ஒதுக்கீட்டைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். வெளியே நிறுத்துவதற்காக வைத்த ஒதுக்கீடு இது. அதை அந்தக் காலத்தில் யாரும் ஒதுக்கீடு என்றே உணரவில்லை. இயல்பு என்று நினைத்தார்கள்.

1948இல் எம்.டி. பட்டம் வாங்கிய மறுநாள், உடன் படித்த டொனால்ட் ரௌலியோடு கல்யாணம். நான்கு ஆண் பிள்ளைகள். அடுத்த இருபதாண்டுக்கு மேலாக வாரத்தில் மூன்று நாளுக்கு மிகாத பகுதிநேர வேலைதான். 1955 முதல் 1961 வரை சிகாகோவில் மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான மருத்துவமனைப் பிரிவு ஒன்றில் இருந்தார். அங்கே வந்தவர்களில் டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகள் அதிகம். அந்தக் குழந்தைகளை அன்றைய மருத்துவ நூல்கள் 'மங்கோலியர்' என்றே குறிப்பிட்டன. முகத்தின் சாயலை வைத்து ஓர் இனத்தின் பெயரையே நோய்க்குச் சூட்டிய அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லி மரபியலாளர்கள் சிலர் லான்செட் இதழில் கூட்டாகக் கடிதம் எழுதியது 1961இல்தான். 1959இல் பாரிசில் லெழோன் குழுவினர், இந்தக் குழந்தைகளுக்கு 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். தான் தினம் பார்க்கிற குழந்தைகளின் நிலைக்கு நுண்ணோக்கியில் பார்க்கக்கூடிய காரணம் ஒன்று உண்டு என்ற செய்திதான் ரௌலியைக் குரோமோசோம்களின் பக்கம் திருப்பியது.

1961இல் கணவருக்கு ஆக்ஸ்போர்டில் ஓராண்டு ஆய்வு விடுப்பு. கூடப் போன ரௌலி சும்மா இருக்காமல் லாஸ்லோ லாய்தாவின் ஆய்வகத்தில் சேர்ந்து, கதிரியக்கம் ஏற்றிய தைமிடினை வைத்துக் குரோமோசோம்கள் எந்த வரிசையில் தம்மைப் பிரதியெடுக்கின்றன என்று ஆராய்ந்தார். சிகாகோ திரும்பியதும் லியோன் ஜேக்கப்சனைப் போய்ப் பார்த்தார். ஒரு நுண்ணோக்கி, ஓர் இருட்டறை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கொடுக்கிற அளவுக்குச் சம்பளம், வாரம் மூன்று நாள் வேலை. இவ்வளவுதான் கேட்டார். ஜேக்கப்சன் கொடுத்தார். ஆண்டுக்கு 5,000 டாலர். சொல்லும்படி எந்தக் கட்டுரையும் அவர் கையில் அப்போது இல்லை.

ஜேக்கப்சனின் பெருந்தன்மை என்று வாழ்க்கை வரலாறுகள் இந்த இடத்தை முடித்துவிடுகின்றன. இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஜேக்கப்சன் இயக்குநராக இருந்த நிறுவனத்தின் பெயர் ஆர்கான் புற்றுநோய் ஆய்வு மருத்துவமனை. அதைக் கட்டியது அமெரிக்க அணுசக்தி ஆணையம். ஜேக்கப்சனோ, அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தின் சிகாகோப் பிரிவில் ஊழியர்களின் உடல்நலத்தைக் கவனித்த மருத்துவர். உலகின் முதல் அணு உலை 1942 டிசம்பர் 2இல் இயங்கத் தொடங்கியது அதே சிகாகோ பல்கலைக்கழக வளாகத்தில், விளையாட்டரங்கின் இருக்கைகளுக்கு அடியில். அப்போது பதினேழு வயது ரௌலி அங்கே மாணவி. ஹிரோஷிமா நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களிடம் சில ஆண்டுகளிலேயே இரத்தப் புற்றுநோய் பெருகியது. கதிர்வீச்சு இரத்தத்தை என்ன செய்கிறது என்ற கேள்விக்குத் திடீரென்று அரசாங்கப் பணம் வந்தது அதற்குப் பிறகுதான். பிலடெல்பியா குரோமோசோமைக் கண்ட பீட்டர் நோவெல்லும் அமெரிக்கக் கடற்படையின் கதிர்வீச்சு ஆய்வகத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர். இரத்தப் புற்றின் மரபியல் கருணையில் மட்டும் பிறக்கவில்லை. குண்டு போட்டவன் தன் குண்டைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒதுக்கிய பணத்தின் ஓரத்தில்தான் ரௌலியின் இருட்டறையும் இருந்தது. இதைச் சொல்வதால் அவருடைய வேலை ஒன்றும் களங்கப்பட்டுவிடாது. ஆனால் சாப்பாட்டு மேசையை மட்டும் காட்டிவிட்டு அணுசக்தி ஆணையத்தை மறைக்கிற வரலாறு அரைகுறை வரலாறு.

இன்னொன்றையும் அந்த மேசை மறைக்கிறது. வாரம் மூன்று நாள் வேலையை எல்லோராலும் தேர்ந்தெடுக்க முடியாது. கணவருக்கு அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் உத்தியோகம் இருந்தது, வீடு இருந்தது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு பெண் இருந்தாள். அந்தப் பெண்ணின் பெயர் எந்த வரலாற்றிலும் கிடையாது. மறுபக்கம், 1962இல் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தவருக்கு இணைப் பேராசிரியர் பதவி 1969இல்தான் வந்தது, முழுப் பேராசிரியர் பதவி 1977இல். பகுதிநேரமாக இருந்ததால் கட்டுரை எண்ணிக்கைக்கான பந்தயத்தில் சிக்காமல் நிதானமாகப் பார்க்க முடிந்தது என்று ரௌலி சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கலாம். ஆனாலும் அந்த நிதானத்தைப் பொறுமை, பெண்மை, பூத்தையல் என்று மொழிபெயர்த்துக்கொள்கிறவர்களை நான் நம்பமாட்டேன்.

இனி அந்தத் துண்டைப் பற்றி. 1956 வரை மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றுதான் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ஜோவும் லெவானும் அந்த ஆண்டு ஒழுங்காக எண்ணி 46 என்றார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக உலகம் முழுவதும் நிபுணர்கள் நுண்ணோக்கியில் பார்த்து 48ஐத்தான் கண்டார்கள் என்பது, கண் என்பது வெறும் கண் இல்லை என்பதற்கு நல்ல சாட்சி. 1935இலேயே லுத்விக் ஃப்ளெக் இதைப் பற்றி எழுதிவிட்டார். ஒரு சிந்தனைப் பாணிக்குள் பழகிய கண்ணுக்குத்தான் குறிப்பிட்ட ஒன்று தெரியும், பழகாத கண்ணுக்கு அது வெறும் கறை. நோவெல் தன் பங்குக்கு, வளர்த்த வெள்ளணுக்களைக் குழாய்த் தண்ணீரில் அலசியபோது செல்கள் ஊதிக் குரோமோசோம்கள் பிரிந்து தெரிவதைப் பார்த்தார். குரோமோசோம் பற்றித் தெரிந்த ஆளாக அவருக்குக் கிடைத்தவர் டேவிட் ஹங்கர்போர்ட் என்ற ஆய்வு மாணவர். 1960இல் இருவரும், நாட்பட்ட மைலாய்டு லுகீமியா உள்ளவர்களின் இரத்தச் செல்களில் வழக்கத்தைவிட மிகச் சிறிய குரோமோசோம் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது என்று அறிவித்தார்கள். கண்ட ஊரின் பெயரால் அது பிலடெல்பியா குரோமோசோம் ஆயிற்று.

புற்றுநோயின் வேர் குரோமோசோம் கோளாறில் இருக்கலாம் என்று 1914இலேயே ஊகித்தவர் ஜெர்மானியரான தியோடோர் பொவேரி. அந்த நூலை 1929இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் அவருடைய மனைவி மார்செல்லா. அவரும் உயிரியலாளர்தான். உலகம் அவரை மொழிபெயர்ப்பாளராகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது, அதுவும் எப்போதாவது.

பொவேரியின் ஊகத்துக்கு முதல் கண்கூடான சாட்சியாக பிலடெல்பியாத் துண்டு வந்தது. ஆனால் அது என்ன? குரோமோசோமின் ஒரு பகுதி அறுந்து தொலைந்துவிட்டது என்றே எல்லோரும் புரிந்துகொண்டார்கள். எந்தக் குரோமோசோம் என்பதுகூடத் தெரியவில்லை, டவுன் நோய்க்குறியில் வருகிற அதே 21 என்றுதான் பலர் எண்ணினார்கள். ஒரே மாதிரிக் குறைபாடு மற்ற புற்றுநோய்களிலும் அகப்படும் என்று தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. சிறுகச் சிறுக அலுப்பு வந்தது. புற்றுச் செல்லில் குரோமோசோம்கள் தாறுமாறாகத்தான் கிடக்கும், நோயின் விளைவு அது, காரணம் அல்ல என்பது பொதுக்கருத்து ஆயிற்று. அமெரிக்கா 1971இல் சட்டம் போட்டுப் புற்றுநோயோடு 'யுத்தம்' தொடங்கியபோது பெரும் நம்பிக்கை வைரஸ்களின் மேல் இருந்தது.

இதே நேரத்தில் ஸ்வீடனில் காஸ்பர்சன் குழுவினர் குயினக்ரின் என்ற ஒளிரும் சாயத்தால் குரோமோசோம்களில் பட்டைகளை எழுப்பிக் காட்டினார்கள். அதுவரை ஒரே அளவு, ஒரே வடிவம் என்று கூட்டமாக அடுக்கி வைத்திருந்தவை, பட்டையின் வரிசையால் இது எட்டு, இது ஒன்பது என்று தனித்தனியே பெயர் சொல்லத்தக்கவை ஆயின. அந்தக் குழுவிலிருந்த லோரே செக் என்ற பெண்ணின் பெயரை இங்கே சொல்லிவைக்க வேண்டும். பர்கிட் நிணநீர்ப் புற்றில் 14ஆம் குரோமோசோமில் ஒட்டியிருக்கும் துண்டு 8இலிருந்து வருவதை 1976இல் காட்டியவர் அவர்தான். ரௌலி 1970இல் கணவரின் இரண்டாவது விடுப்பில் மறுபடி ஆக்ஸ்போர்டு போனபோது, வால்டர் பாட்மரின் ஆய்வகத்தில் இந்தப் பட்டை முறையைக் கற்றுக்கொண்டு திரும்பினார்.

பிறகு வந்ததுதான் மேசை. 1972இல், தீவிர மைலாய்டு லுகீமியா நோயாளிகளின் படங்களில் 8ஆம் குரோமோசோமும் 21ஆம் குரோமோசோமும் தம் முனைகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். முதலில் இது அச்சேறியது பிரெஞ்சு மரபியல் இதழ் ஒன்றில், 1973இல். அடுத்து பிலடெல்பியா நோயாளிகளின் படங்களைப் பார்த்தார். 22ஆம் குரோமோசோம் குட்டையாக இருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்பதாவது கொஞ்சம் நீளமாக இருந்தது. 22இல் எவ்வளவு குறைகிறதோ ஏறத்தாழ அவ்வளவே 9இன் முனையில் கூடியிருந்தது. ஒரு நோயாளியிடம் அல்ல, அடுத்தடுத்த நோயாளிகளிடமும். 1973 ஜூனில் நேச்சர் இதழ் அதை வெளியிட்டது.

தொலைந்துபோன துண்டு தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது. இந்த ஒரு வரிதான் கண்டுபிடிப்பு. பதிமூன்று வருடமாக எல்லோரும் சின்னக் குரோமோசோமையே உற்றுப் பார்த்தார்கள், ஏனென்றால் அங்கேதான் குறை தெரிந்தது. இழப்பு என்ற சொல் கண்ணை அந்த இடத்திலேயே கட்டிப்போட்டது. இழந்ததைத் தேட வேறெங்கும் போக வேண்டியதில்லை அல்லவா? பட்டை முறை வந்ததும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்லிவிடலாம். அந்தச் சாயம் பல ஆய்வகங்களில் இருந்தது. ஆனால் சில மாதங்களுக்கு முன்னால் 8-21 பரிமாற்றத்தைப் பார்த்துப் பழகிய கண் ஒன்றுதான், 22 குறைந்தால் வேறெங்கோ கூடியிருக்குமா என்று கேட்டது. அதிலும் ஒரு பாதி அவருக்கே தெரியவில்லை. 9இலிருந்து 22க்குப் போகிற துண்டு மிகச் சிறியது, ஒளி நுண்ணோக்கியில் சிக்காது. பரிமாற்றம் இருவழி என்பது 1982இல் மரபணு வழியாகத்தான் நிரூபணமாயிற்று. கண்டவரும் பாதியைத்தான் கண்டார்.

உடனே உலகம் கைதட்டியதா என்றால், இல்லை. விளைவுதானே, காரணமில்லையே என்ற பழைய பாட்டுதான். 1977இல் தீவிர புரோமைலோசைட்டிக் லுகீமியாவில் 15க்கும் 17க்கும் பரிமாற்றம் என்று ரௌலியும் கூட்டாளிகளும் காட்டினார்கள். ஒவ்வொரு வகை இரத்தப் புற்றுக்கும் அதற்கே உரிய பரிமாற்றம். தாறுமாறு என்றால் இப்படி முறையாகத் திரும்பத் திரும்ப வராது என்பது அவர் வாதம். விவாதத்தைத் தீர்த்துவைத்தது வேடிக்கையாக எதிர்த்தரப்பிலிருந்து, வைரஸ் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. எலிகளுக்கு லுகீமியா உண்டாக்கும் ஏபல்சன் வைரஸ் சுமந்து திரிந்த மரபணுவின் மனித வடிவம் 9ஆம் குரோமோசோமில் இருந்தது, பிலடெல்பியா நோயாளிகளிடம் அது 22க்குப் பெயர்ந்திருந்தது. அங்கே இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டு, வழக்கமாக அணைந்து எரிகிற ஒரு நொதி அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும்படி ஆகிறது. செல்லுக்கு 'பெருகு பெருகு' என்ற கட்டளை நிற்பதில்லை. 1990இல் இந்த ஒட்டு மரபணுவை எலியின் மஜ்ஜைக்குள் புகுத்தினார்கள், எலிக்கு நோய் வந்தது. காரணமா விளைவா என்ற சண்டை ஓய்ந்தது.

இந்த இடத்தில் என் நண்பர்கள் இரு சாராரோடும் எனக்கு மனத்தாங்கல். அறிவியல் உண்மை என்பதெல்லாம் ஒரு சொல்லாடல், அதிகாரம் கட்டமைத்த கதையாடல் என்று ஃபூக்கோவைக் கையிலெடுத்து ஒரே போடாகப் போடுகிறவர்கள் ஒரு பக்கம். மேலே நான் சொன்ன 48, இழப்பு என்ற சொல், அணுசக்திப் பணம் எல்லாமே அவர்களுக்குத் தீனி. ஆனால் சொல்லாடல் எவ்வளவு மாறினாலும் 22 குட்டையாகத்தான் இருந்தது, எலிக்கு நோய் வரத்தான் வந்தது. இன்னொரு பக்கம் அறிவியல் மனப்பான்மை பேசும் தோழர்கள். அவர்களுக்குக் கோட்பாடு முன்னே போகும், சிகிச்சை பின்னே வரும். 15-17 பரிமாற்றத்தின் கதை அவர்களுக்கு இடிக்கும். ஷாங்காயில் வாங் ஜென்யியின் குழு, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினோயிக் அமிலத்தால் அந்த நோயாளிகளை நலமாக்கியதை 1988இல் வெளியிட்டபோது, அந்தப் பரிமாற்றத்தில் உடைவது ரெட்டினோயிக் அமிலத்தை ஏற்கும் புரதத்தின் மரபணுதான் என்பது எவருக்கும் தெரியாது. அது பிறகுதான் தெரிந்தது. வரலாறு நம் வசதிக்கு நேர்கோட்டில் நடப்பதில்லை.

2001இல் அதிபர் புஷ் அமைத்த உயிரியல் அறக் குழுவில் ரௌலி உறுப்பினர். கரு மூலச்செல் ஆய்வுக்கான கட்டுப்பாடுகளை உள்ளிருந்தே எதிர்த்தார். அவரோடு நின்ற எலிசபெத் பிளாக்பர்ன் 2004இல் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். குழுவின் அறிக்கை அறிவியலைச் சரியாகப் பிரதிபலிக்கவில்லை என்று இருவரும் சேர்ந்து பகிரங்கமாக எழுதினார்கள். லாஸ்கர் விருது 1998இல் ரௌலி, நோவெல், நட்சன் மூவருக்கும் கிடைத்தது. ஹங்கர்போர்ட் 1993இலேயே இறந்துவிட்டிருந்தார். நோபல் வரவில்லை. 2013 டிசம்பரில் ரௌலி சினைப்பைப் புற்றால் இறந்தார்.

சென்னை இந்தக் கதைக்குள் வருவது மருந்தின் வழியாக. அணையாத அந்த நொதியை அடைக்கும் மூலக்கூறை சீபா-கைகி நிறுவனத்தின் வேதியியலாளர்கள் செய்தார்கள். நிக்கலஸ் லைடனும் மருத்துவர் பிரையன் டிரக்கரும் அதை இந்த நோய்க்குக் கொண்டுவந்தார்கள். 1996இல் அந்த நிறுவனம் சாண்டோசோடு இணைந்து நோவார்ட்டிஸ் ஆயிற்று. இமாட்டினிப் என்பது மருந்தின் பெயர், கிளிவெக் என்பது விற்கும் பெயர். 1998 ஜூனில் நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சாப்பிட்ட 54 பேரில் 53 பேரின் இரத்த எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. மருந்தின் உற்பத்தியைக் கூட்டச் சொல்லி 1999இல் நோயாளிகளே கையெழுத்து வேட்டை நடத்தி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில ஆண்டில் கொல்லும் நோய், தினம் மாத்திரை போட்டுக்கொண்டு நெடுங்காலம் வாழக்கூடிய நோயாக மாறியது. மாத்திரை கிடைத்தால்.

இந்த மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் 1998 ஜூலையில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. எண் 1602/மாஸ்/1998. ஊரின் பெயர் இரண்டு வருடத்துக்கு முன்பே மாறியிருந்தாலும் கோப்பில் அது மெட்ராஸ்தான். மூலக்கூறு பழையது, படிகம்தான் புதியது. 1970ஆம் வருடச் சட்டப்படி இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்குத்தான். உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால் 2005இல் சட்டம் திருத்தப்பட்டபோது, 3(டி) என்ற பிரிவும் கூடவே வந்தது. தெரிந்த பொருளின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டிருந்தாலொழியக் கண்டுபிடிப்பு ஆகாது என்பது அதன் சாரம். நோவார்ட்டிஸின் மருந்து மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் செய்தது 8,000 முதல் 10,000 ரூபாய். தன் மருந்தைப் பலருக்கு இலவசமாகத் தருகிறோம் என்றது நிறுவனம். தந்தது உண்மைதான். ஆனால் தானத்தை எந்த நேரத்திலும் நிறுத்தலாம்.

மும்பையின் புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் இந்திய மருந்துக் கம்பெனிகளும் எதிர்ப்பு மனு கொடுத்தன. சங்கத்தின் கவலையும் கம்பெனிகளின் லாபமும் ஒரே வரிசையில் நின்றதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, இப்படித்தான் நடக்கும். 2006 ஜனவரி 25இல் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நிறுவனம் 3(டி) பிரிவே அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சென்னை உயர்நீதிமன்றம் போயிற்று. நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் 2007 ஆகஸ்ட் 6இல் பிரிவு செல்லும் என்றார்கள். (பிரபா ஸ்ரீதேவனைத் தமிழ் வாசகர்கள் வேறு வழியில் அறிந்திருப்பார்கள், ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் தந்தவர்.) 2009இல் மேல்முறையீட்டு வாரியமும் காப்புரிமையை மறுத்தது. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றம் கடைசித் தீர்ப்பைச் சொன்னது. படிக வடிவம் நன்றாக வழிந்தோடும், ஈரத்தை ஏற்காது, உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேரும் என்றெல்லாம் நிறுவனம் காட்டியது. அதெல்லாம் நோய் தீர்க்கும் ஆற்றல் ஆகாது என்றார்கள் நீதிபதிகள்.

அமெரிக்காவில் நடந்தது வேறு. 2001இல் மாதம் 2,000 டாலர் சொச்சத்தில் தொடங்கிய கிளிவெக்கின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அதே 2013இல், இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கும் நிபுணர்கள் நூறு பேருக்கு மேல் ஒன்றுசேர்ந்து, மருந்தின் விலை நோயாளிகளைக் கைவிடச் செய்கிறது என்று இரத்தவியல் இதழ் ஒன்றில் எழுதினார்கள். அங்கே மலிவு வடிவம் கடைக்கு வந்தது 2016இல். அதுவரை பதினைந்து வருடம், ரௌலி வாழ்ந்த நாட்டில், காப்பீடு இல்லாதவர்களும் அரைகுறையாக உள்ளவர்களும் மாத்திரையை எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.